மெதுவாகச் சுழலும்போது மட்டும் கூடுதலாக எண்ணும் அனலாக் கம்பேரேட்டர்: காரணம் என்ன?

கேள்வி: சுழல்தட்டு

வணக்கம். சுழலும் தண்டு ஒன்றின் வேகத்தை அளக்கும் கருவியை ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலரைக் கொண்டு செய்துவருகிறேன். தண்டில் 20 பிளவுகள் வெட்டிய வட்டத்தட்டு பொருத்தப்பட்டுள்ளது. தட்டின் ஒருபுறம் அகச்சிவப்பு எல்இடியும் மறுபுறம் ஃபோட்டோ டிரான்சிஸ்டரும் உள்ளன. ஃபோட்டோ டிரான்சிஸ்டரின் எமிட்டரில் 1 கிலோ ஓம் சுமை மின்தடை இருக்கிறது. பிளவு நேரே வரும்போது அந்த இடத்தில் 3.2 வோல்ட்டும், தட்டு ஒளியை மறைக்கும்போது 0.4 வோல்ட்டும் கிடைக்கின்றன. மின்வழங்கல் 5 வோல்ட். கடிகார வேகம் 16 மெகாஹெர்ட்ஸ்.

முதலில் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) வழியாக இந்த மின்னழுத்தத்தைத் தொடர்ந்து படித்துத் துடிப்புகளை எண்ணினேன். நிமிடத்திற்கு 3000 சுற்று என்றால் விநாடிக்கு 1000 துடிப்புகள் வரும். ஒருமுறை படிக்க ஏறத்தாழ 110 மைக்ரோ விநாடி ஆவதால் படிக்கும் வேகம் போதுமானதாகவே இருந்தது. ஆனால் திரையில் எண்களை எழுத 30 மில்லி விநாடி செலவாகிறது. அந்த இடைவெளியில் வரும் 30 துடிப்புகள் எண்ணப்படாமல் போய்விடுகின்றன.

ஆகவே இரு மின்னழுத்தங்களில் எது உயர்ந்தது என்று மட்டும் சொல்லும், சில்லிலேயே இருக்கும் அனலாக் கம்பேரேட்டருக்கு மாறினேன். சிக்னலை எதிர் உள்ளீடான ஏஐஎன்1 முனைக்கும் (டிஜிட்டல் 7), 18 கிலோ ஓம், 10 கிலோ ஓம் மின்தடைகளால் பகுத்த 1.79 வோல்ட்டை நேர் உள்ளீடான ஏஐஎன்0 முனைக்கும் (டிஜிட்டல் 6) கொடுத்து, இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைநிறுத்தும் அழைப்பு) வரும் ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணைக் கூட்டுகிறேன். 3000 சுற்று வேகத்தில் எண்ணிக்கை மிகச் சரியாக வருகிறது. ஆனால் தட்டைக் கையால் மெதுவாகச் சுழற்றினால் ஒரு சுற்றுக்கு 20 வர வேண்டிய இடத்தில் 60 முதல் 140 வரை வருகிறது. வேகம் கூடினால் பிழை கூடும் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு இது முற்றிலும் தலைகீழாகத் தோன்றுகிறது.

கம்பேரேட்டர் உள்ளே எவ்வாறு இயங்குகிறது, ஏடிசியிலிருந்து அது எந்த வகையில் வேறுபடுகிறது, மெதுவான வேகத்தில் மட்டும் ஏன் தவறு நேர்கிறது என்பவற்றை விளக்க வேண்டுகிறேன். மின்தடைப் பகுப்பிற்குப் பதிலாக உள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸை (ஒப்பிடுவதற்கான நிலையான மின்னழுத்தம்) பயன்படுத்தினால் சிக்கல் தீருமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1: சுற்றுவழி

உங்கள் கம்பேரேட்டர் தவறு செய்யவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு அது ஒவ்வொரு முறையும் சரியான விடையைத்தான் தருகிறது. ஆனால் அந்தக் கேள்வி, நீங்கள் நினைத்ததைவிட மிக அதிகமான தடவை கேட்கப்படுகிறது. இதை விளங்கிக்கொள்ள அதன் உள்ளமைப்பைச் சற்றே பார்க்க வேண்டும்.

கம்பேரேட்டரின் முதல் நிலை ஓர் இணை டிரான்சிஸ்டர்கள். இரண்டும் ஒரே மாறா மின்னோட்டத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. இரு உள்ளீடுகளும் சமமாக இருந்தால் மின்னோட்டம் பாதிக்குப் பாதி பிரிகிறது. ஒன்று சில மில்லிவோல்ட் உயர்ந்தாலே பங்கீடு ஒரு பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வை அடுத்தடுத்த நிலைகள் பல மடங்கு பெருக்குவதால், இறுதியில் வெளியீடு மேல் எல்லையிலோ கீழ் எல்லையிலோ போய் நின்றுவிடுகிறது. நேர் உள்ளீடு எதிர் உள்ளீட்டைவிட உயர்ந்திருந்தால் 1, தாழ்ந்திருந்தால் 0. எவ்வளவு உயர்ந்தது என்ற செய்தி அங்கேயே தொலைந்துபோகிறது. எது உயர்ந்தது என்பது மட்டுமே எஞ்சுகிறது.

ஆப்ஆம்பும் (சிக்னலைப் பெருக்கும் சில்லு) இதே போன்ற முதல் நிலையைக் கொண்டதுதானே என்று சிலர் கேட்பதுண்டு. ஆப்ஆம்ப் பின்னூட்டத்தோடு நிலையாக இயங்க வேண்டும் என்பதற்காக அதனுள்ளே ஒரு சிறு கெபாசிட்டரை வைத்து வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்திருப்பார்கள். கம்பேரேட்டருக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால், அது ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைக்கு விரைவாகத் தாவும்படி அமைக்கப்படுகிறது.

ஏடிசிக்கும் இதற்கும் உள்ள உறவு சுவையானது. உங்கள் சில்லில் இருக்கும் 10 பிட் ஏடிசி, அடுத்தடுத்து நெருங்கும் முறையில் இயங்குவது. அதன் இதயமே ஒரு கம்பேரேட்டர்தான். அது உள்ளீட்டை முதலில் முழு அளவின் பாதியோடு ஒப்பிட்டு, அந்த விடையைப் பொறுத்துக் கால் பங்கு அல்லது முக்கால் பங்கோடு ஒப்பிட்டு, இப்படி ஒவ்வொரு பிட்டுக்கும் ஒருமுறையாகப் பத்து முறை கேட்டு ஓர் எண்ணைக் கட்டி எழுப்புகிறது. இதற்கு 13 ஏடிசி கடிகாரச் சுற்றுகள் ஆகின்றன. ஏடிசி கடிகாரம் 125 கிலோஹெர்ட்ஸ் என்றால் 104 மைக்ரோ விநாடி. அனலாக் கம்பேரேட்டர் அந்த ஒற்றைக் கேள்வியை மட்டும், யாரும் தொடங்கிவைக்கத் தேவையில்லாமல், இடைவிடாது கேட்டுக்கொண்டிருக்கிறது. இந்தச் சில்லில் விடை வர 4 வோல்ட் வழங்கலில் ஏறத்தாழ 500 நானோ விநாடி ஆகிறது. அதன்பின் அந்த விடை சில்லின் கடிகாரத்தோடு இசைவாக்கப்பட்டு, ஒன்று அல்லது இரண்டு கடிகாரச் சுற்று தாமதத்தில் ஏசிஓ என்னும் பிட்டில் தோன்றுகிறது.

இப்போது உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். எந்தச் சிக்னலும் வரைபடத்தில் காணும் கோடு போல இழையாக இருப்பதில்லை; அதன்மேல் இரைச்சல் படிந்திருக்கும். உங்கள் சுற்றில் அது உச்சிக்கு உச்சி 30 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். தட்டு 3000 சுற்றில் ஓடும்போது ஒரு துடிப்பின் மொத்தக் காலம் 1 மில்லி விநாடி. அதில் ஏறும் விளிம்பு 0.2 மில்லி விநாடி எடுத்தால், 2.8 வோல்ட் ஏற்றம் அந்த நேரத்துக்குள் முடிகிறது. அதாவது 30 மில்லிவோல்ட் அகலமுள்ள இரைச்சல் பட்டையைச் சிக்னல் வெறும் 2 மைக்ரோ விநாடியில் கடந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கம்பேரேட்டர் ஓரிருமுறை தடுமாறினாலும், முதல் இன்டரப்ட்டுக்குள் நுழைந்து வெளிவரவே உங்கள் நிரலுக்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிவிடும். எனவே எண்ணிக்கை சரியாக வருகிறது.

அதே தட்டைக் கையால் 10 விநாடிக்கு ஒரு சுற்று வீதம் சுழற்றுங்கள். எல்லாம் 500 மடங்கு மெதுவாகிறது. ஏறும் விளிம்பு 100 மில்லி விநாடி நீள்கிறது. இரைச்சல் பட்டையைக் கடக்க 1 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. அவ்வளவு நேரமும் சிக்னல் 1.79 வோல்ட்டுக்குச் சற்று மேலும் கீழுமாக ஊசலாடுகிறது. அந்த ஊசலாட்டம் ஒவ்வொன்றையும் கம்பேரேட்டர் உண்மையான கடப்பாகவே பார்க்கிறது. ஒவ்வொன்றும் ஓர் இன்டரப்ட் ஆகிறது. வரம்பைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கிறதோ அவ்வளவு பொய்த் துடிப்புகள். மெதுவான வேகத்தில் மட்டும் பிழை வருவதன் முழுக் காரணம் இதுதான்.

இதற்கு மருந்து ஹிஸ்டெரிசிஸ். ஒரே வரம்புக்குப் பதிலாக இரண்டு வரம்புகளை வைத்து, மேல் வரம்பைத் தாண்டினால்தான் ஒரு நிலை, கீழ் வரம்புக்குக் கீழே இறங்கினால்தான் மறுநிலை என்று ஆக்குவது. இரண்டுக்கும் இடையிலுள்ள அகலம் இரைச்சலின் உச்சிக்கு உச்சி அளவைவிடப் பெரிதாக இருந்தால், ஒரு கடப்பிற்கு ஒரே ஒரு மாற்றம்தான் நிகழும். சில மைக்ரோகண்ட்ரோலர்களில் இது உள்ளேயே இருக்கிறது. ஏடிமெகா4809 போன்ற புதிய ஏவிஆர் சில்லுகளில் 10, 25, 50 மில்லிவோல்ட் என்று மென்பொருளிலேயே தேர்ந்துகொள்ளலாம். ஏடிமெகா328பியில் அந்தத் தேர்வு இல்லை.

மறுமொழி 2: ஏறுவிளிம்பு

மேலே சொன்ன விளக்கம் முழுவதும் சரி. இந்தச் சில்லில் ஹிஸ்டெரிசிஸை எப்படிச் சேர்ப்பது என்பதை நான் சொல்கிறேன். எல்எம்393 போன்ற தனி கம்பேரேட்டரில் வெளியீட்டு முனையிலிருந்து நேர் உள்ளீட்டுக்கு ஒரு பெரிய மின்தடையைக் கட்டினால் வேலை முடிந்தது. ஏடிமெகா328பியில் கம்பேரேட்டரின் வெளியீடு எந்த வெளிமுனைக்கும் நேரடியாக வருவதில்லை. அது கம்பேரேட்டரைக் கட்டுப்படுத்தும் ஏசிஎஸ்ஆர் ரெஜிஸ்டரில் (சில்லின் உள் நினைவிடம்) ஏசிஓ என்னும் பிட்டாகவே நிரலுக்குக் கிடைக்கிறது. ஆகவே அந்த இணைப்பை நிரல்தான் நிறைவுசெய்ய வேண்டும்.

வழி இது. ஏதேனும் ஒரு டிஜிட்டல் முனையை வெளியீடாக அமைத்து, அதிலிருந்து 470 கிலோ ஓம் மின்தடையை ஏஐஎன்0 முனைக்குக் கட்டுங்கள். ஏறு, இறங்கு ஆகிய இரு விளிம்புகளுக்கும் இன்டரப்ட் வரும்படி ஏசிஐஎஸ் பிட்டுகள் இரண்டையும் 0 ஆக வையுங்கள். இன்டரப்ட்டுக்குள் நுழைந்தவுடன், வேறு எதையும் செய்வதற்கு முன், ஏசிஓ என்ன மதிப்போ அதையே அந்த முனையில் எழுதுங்கள். சிக்னல் வரம்புக்குக் கீழே இறங்கினால் ஏசிஓ 1 ஆகும். முனை 5 வோல்ட்டுக்குப் போய் ஏஐஎன்0 மின்னழுத்தத்தைச் சற்று உயர்த்தும். அதனால் சிக்னல் திரும்பி வருவது கடினமாகும். மறுபக்கமும் இப்படியே.

கணக்கு எளிது. உங்கள் 18 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும் பக்க இணைப்பில் 6.43 கிலோ ஓம். முனை 5 வோல்ட்டில் இருக்கும்போது வரம்பு 1.83 வோல்ட், 0 வோல்ட்டில் இருக்கும்போது 1.76 வோல்ட். இடைவெளி ஏறத்தாழ 67 மில்லிவோல்ட். இரைச்சல் 30 மில்லிவோல்ட் என்றால் இது இரு மடங்குக்கும் மேல். முதலில் அலைகாட்டியில் உங்கள் இரைச்சலை அளந்து, அதற்கேற்ப 470 கிலோ ஓமைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.

நிரல் முனையை மாற்றும்வரை சில மைக்ரோ விநாடிகள் கடக்கின்றன. அதற்குள் சிக்னல் மீண்டும் ஒருமுறை ஊசலாடினால், இன்டரப்ட் கொடியான ஏசிஐ மறுபடி எழுந்து நிற்கும். வெளியே வந்தவுடன் இன்னொரு முறை உள்ளே இழுக்கும். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு இன்டரப்ட்டையும் ஓர் எண்ணாகக் கூட்டாதீர்கள். முந்தைய நிலையை ஒரு மாறியில் வைத்திருந்து, முனையை மாற்றியபின் ஒருசில மைக்ரோ விநாடி பொறுத்து ஏசிஓவை மீண்டும் படித்து, நிலை உண்மையிலேயே மாறியிருந்தால் மட்டும் எண்ணுங்கள். மாறவில்லை என்றால் முனையைப் பழைய மதிப்புக்குத் திருப்பிவிடுங்கள். ஏசிஐ கொடியை அழிக்க அதில் 1 எழுத வேண்டும், 0 அல்ல. இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

அமைப்பு தொடர்பாக இன்னும் சில. ஏசிஐஎஸ் பிட்டுகளையோ கம்பேரேட்டரை அணைக்கும் ஏசிடி பிட்டையோ மாற்றும்போது ஏசிஐஇ பிட்டை 0 ஆக்கி இன்டரப்ட்டை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். இல்லையெனில் அந்த மாற்றமே ஒரு பொய் இன்டரப்ட்டை எழுப்பக்கூடும். டிஐடிஆர்1 ரெஜிஸ்டரில் ஏஐஎன்0, ஏஐஎன்1 இரண்டின் டிஜிட்டல் உள்ளீட்டு இடைநிலையையும் அணைத்துவிடுங்கள். அனலாக் மின்னழுத்தம் வழங்கலின் நடுப்பகுதியில் நிற்கும்போது அந்த இடைநிலை வீணாக மின்னோட்டத்தைக் குடிக்கும். முனைகளின் உள் இழுப்பு மின்தடைகள் இயங்காமல் இருப்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். இயங்கினால் அவை உங்கள் 1.79 வோல்ட்டை மேலே தூக்கிவிடும்.

1.1 வோல்ட் ரெஃபரன்ஸைப் பொறுத்தவரை, ஏசிபிஜி பிட்டை 1 ஆக்கினால் அது ஏஐஎன்0 முனைக்குப் பதிலாக நேர் உள்ளீட்டில் அமர்கிறது. மின்வழங்கல் ஏறி இறங்கினாலும் அது ஏறக்குறைய மாறாமல் இருக்கும் என்பது அதன் சிறப்பு. பேட்டரியின் மின்னழுத்தம் குறைவதைக் கண்டுபிடிக்க அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் சில்லுக்குச் சில்லு அது 1.0 முதல் 1.2 வோல்ட் வரை வேறுபடலாம். அதை இயக்கியபின் நிலைபெற 70 மைக்ரோ விநாடி வரை விட வேண்டும். உங்கள் சிக்கலுக்கு அது தீர்வாகாது, ஏனெனில் அதுவும் ஒற்றை வரம்புதான். உள்ளே இருப்பதால் அதன்மேல் மின்தடையைக் கட்டவும் இயலாது. அப்படியே பயன்படுத்த விரும்பினால் ஹிஸ்டெரிசிஸைச் சிக்னல் பக்கத்தில் சேர்க்க வேண்டும்; அப்போது முனையில் ஏசிஓவின் எதிர்மதிப்பை எழுத வேண்டும்.

சுழல்தட்டு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரைச்சலை அளந்தேன், 25 முதல் 35 மில்லிவோல்ட் வரை இருக்கிறது. 470 கிலோ ஓம் மின்தடையைச் சேர்த்து, மறுபடி படித்து உறுதிசெய்யும் முறையையும் எழுதினேன். கையால் எவ்வளவு மெதுவாகச் சுழற்றினாலும் ஒரு சுற்றுக்குச் சரியாக 20 வருகிறது. பிளவின் விளிம்பிலேயே தட்டை நிறுத்திவைத்தும் பார்த்தேன், எண்ணிக்கை அசையவில்லை.

ஆனால் இன்னொரு சிக்கல் எழுந்துள்ளது. மேசை விளக்கைக் கருவியின் அருகே கொண்டுவந்தால் இரு மின்னழுத்தங்களும் உயர்ந்துவிடுகின்றன. தாழ்நிலை 2.1 வோல்ட், உயர்நிலை 4.3 வோல்ட் என்று ஆகிறது. தாழ்நிலையே 1.76 வோல்ட்டுக்கு மேல் இருப்பதால் எண்ணிக்கை நின்றுவிடுகிறது. வரம்பைக் கையால் திருகி மாற்றுவதைத் தவிர வேறு வழி உண்டா?

மேலும், நான் ஒவ்வொரு விநாடியும் வந்த துடிப்புகளை எண்ணி வேகத்தைக் கணக்கிடுகிறேன். மெதுவான வேகத்தில் விநாடிக்கு இரண்டு துடிப்புகளே வருவதால் திரையில் எண் ஒரேயடியாகத் தாவுகிறது. இதைச் சீர்செய்ய இயலுமா?

மறுமொழி 3: தாழ்வடிகட்டி

முதலில் ஒளியைத் தடுங்கள். மென்பொருளையும் சுற்றையும் தொடுவதற்கு முன், ஃபோட்டோ டிரான்சிஸ்டரைச் சுற்றிக் கறுப்புக் குழாய் ஒன்றைப் பொருத்துவதும், கண்ணுக்குத் தெரியும் ஒளியை வடிகட்டும் கறுத்த மூடியுள்ள வகையைத் தேர்வதும் பலன் தரும். விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருக்கப்போகிறது என்பதை நாம் முன்கூட்டி அறிய முடியாது. ஒளி மிகுந்து ஃபோட்டோ டிரான்சிஸ்டர் முழுமையாகத் தெவிட்டிவிட்டால் எந்த வரம்பும் உதவாது.

என் சொந்தப் பரிந்துரை, ஹிஸ்டெரிசிஸ் உள்ளேயே அமைந்த 74எச்சி14 போன்ற ஷ்மிட் டிரிகர் சில்லு ஒன்றைச் சிக்னலுக்கும் சாதாரண டிஜிட்டல் முனைக்கும் நடுவே வைத்துவிடுவதே. 5 வோல்ட்டில் அதன் ஹிஸ்டெரிசிஸ் ஒரு வோல்ட்டை ஒட்டி இருக்கும். நிரலில் இவ்வளவு நுணுக்கம் தேவைப்படாது.

மறுமொழி 4: சுற்றுவழி

ஒளியைத் தடுப்பதில் முந்தையவரோடு முழுமையாக உடன்படுகிறேன். ஷ்மிட் டிரிகரைப் பொறுத்தவரை எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அதன் இரு வரம்புகளும் சில்லின் தயாரிப்பிலேயே நிலைத்துவிட்டவை. ஒரே வகைச் சில்லுகளுக்குள்ளும் அவை கணிசமாக வேறுபடுகின்றன. தாழ்நிலை 2.1 வோல்ட்டுக்கு உயர்ந்துவிட்ட இந்தச் சிக்னலில் அதன் கீழ் வரம்பை எட்ட முடியாமல் போகலாம். அதாவது இவர் இப்போது சந்திக்கும் அதே சிக்கல் அங்கேயும் வரும். கம்பேரேட்டரின் பெரும்பலம், வரம்பை நாமே வைக்கலாம் என்பதும், அந்த வரம்பு ஓடும்போதே நகரலாம் என்பதும்தான். அதைக் கைவிடக் கூடாது.

வரம்பைச் சிக்னலே தேர்ந்துகொள்ளட்டும். சிக்னலை இரண்டு வழியாகப் பிரியுங்கள். ஒரு வழியில் 10 கிலோ ஓம் மின்தடை வழியாக ஏஐஎன்0 முனைக்குக் கொடுங்கள். மறுவழியில் 100 கிலோ ஓம் மின்தடையும் தரைக்கு 10 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் கொண்ட வடிகட்டி வழியாக ஏஐஎன்1 முனைக்குக் கொடுங்கள். வடிகட்டியின் காலமாறிலி 1 விநாடி; ஆகவே ஏஐஎன்1 முனையில் சிக்னலின் சராசரி நிற்கும். விளக்கு இல்லாதபோது அது 1.8 வோல்ட்டை ஒட்டியும், விளக்கு வந்தபோது 3.2 வோல்ட்டை ஒட்டியும் தானாக நகரும். பிளவும் மறைப்பும் ஏறத்தாழச் சம அகலமாக இருக்கும்வரை அந்தச் சராசரி இரு நிலைகளுக்கும் நடுவில்தான் விழும்.

கெபாசிட்டர் செராமிக் வகையாக இருக்கட்டும். எலக்ட்ரோலிட்டிக் வகையில் ஒரு மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலே 100 கிலோ ஓமின் குறுக்கே 100 மில்லிவோல்ட் தொலைந்துவிடும். கம்பேரேட்டர் உள்ளீட்டின் சொந்தக் கசிவு 50 நானோ ஆம்பியருக்குள் அடங்குவதால், அதனால் வரும் பிழை 5 மில்லிவோல்ட்டைத் தாண்டாது. மின்தடையை 1 மெகா ஓம் ஆக்கிச் சிறிய கெபாசிட்டர் வைக்கலாமே என்று தோன்றும். அப்போது இந்த 5 மில்லிவோல்ட் 50 ஆகிவிடும்.

ஹிஸ்டெரிசிஸை இப்போது சராசரி நிற்கும் முனையில் சேர்க்கக் கூடாது, ஏனெனில் அங்குள்ள கெபாசிட்டர் அந்த மாற்றத்தை ஒரு விநாடிக்கு இழுத்தடிக்கும். டிஜிட்டல் முனையிலிருந்து 1 மெகா ஓம் மின்தடையை ஏஐஎன்0 முனைக்குக் கட்டுங்கள். 10 கிலோ ஓமோடு சேர்ந்து அது 50 மில்லிவோல்ட் இடைவெளி தரும். சிக்னல் இப்போது நேர் உள்ளீட்டில் இருப்பதால், பிளவு திறக்கும்போது ஏசிஓ 1 ஆகும் என்பதை நினைவில் கொண்டு நிரலில் திசையை மாற்றுங்கள்.

தட்டு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும், ஏனெனில் சராசரி மெல்ல மெல்லச் சிக்னலையே வந்தடையும். ஹிஸ்டெரிசிஸ் இல்லாத சுற்றில் இது மிக மோசமான நிலை. இரு உள்ளீடுகளும் சமமாகி, எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் ஓடும். மேலே சொன்ன 1 மெகா ஓம் இருப்பதால் ஏஐஎன்0 எப்போதும் தன் நிலையின் பக்கமே சற்றுச் சாய்ந்து நிற்கும். ஆனால் சாய்வின் அளவு சிக்னலைப் பொறுத்தது. தட்டு மறைப்பில் நின்று சிக்னல் 0.4 வோல்ட்டில் இருந்தால், கீழ்நோக்கிய சாய்வு 4 மில்லிவோல்ட் மட்டுமே. இந்தக் கம்பேரேட்டரின் உள்ளீட்டுப் பிழை மின்னழுத்தம் பொதுவாக 10 மில்லிவோல்ட்டுக்குள் என்றாலும் 40 மில்லிவோல்ட் வரை போகலாம் என்று தரவுத்தாள் சொல்கிறது. ஆகவே ஒருமுறை அது தவறான பக்கம் புரளக்கூடும். புரண்டவுடன் முனை 5 வோல்ட்டுக்குப் போய், மேல்நோக்கி 45 மில்லிவோல்ட் சாய்வு கிடைத்துவிடுவதால் அங்கேயே நிலைத்துவிடும். தட்டு நிற்கும்போது ஒரே ஒரு பொய்த் துடிப்பு வரலாம். அதை வேக அளவீட்டில் பொருட்படுத்த வேண்டியதில்லை.

மறுமொழி 5: ஏறுவிளிம்பு

இரண்டாவது கேள்விக்கு நான் விடை தருகிறேன். மெதுவான வேகத்தில் துடிப்புகளை எண்ணாமல், இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட காலத்தை அளக்க வேண்டும். அதற்கான வசதி இந்தச் சில்லில் மிக அழகாக அமைந்துள்ளது. ஏசிஎஸ்ஆர் ரெஜிஸ்டரில் ஏசிஐசி பிட்டை 1 ஆக்கினால், கம்பேரேட்டரின் வெளியீடு டைமர்1 இன் பிடிப்பு உள்ளீட்டோடு உள்ளேயே இணைகிறது. வரம்பைக் கடந்த அந்தக் கணத்தில் டைமரின் மதிப்பை வன்பொருளே ஐசிஆர்1 ரெஜிஸ்டரில் பதித்துவிடும். நிரல் அப்போது திரையில் எழுதிக்கொண்டிருந்தாலும் பதிந்த நேரம் மாறாது. சற்றுத் தாமதமாக வந்து படித்தாலும், அடுத்த துடிப்பு வருவதற்குள் படித்துவிட்டால் போதும்.

டைமரை 8 ஆல் வகுத்த கடிகாரத்தில் ஓட்டினால் ஒரு படி 0.5 மைக்ரோ விநாடி. 3000 சுற்றில் இரு துடிப்புகளுக்கு இடையே 2000 படிகள் கிடைக்கும். ஆனால் 16 பிட் டைமர் 32.768 மில்லி விநாடியில் நிரம்பி மீண்டும் 0 ஆகிவிடும். விநாடிக்கு இரண்டு துடிப்பு என்ற வேகத்தில் நடுவே 15 முறை நிரம்பும். எனவே நிரம்பும் இன்டரப்ட்டில் ஓர் எண்ணைக் கூட்டி, அதைப் பிடித்த மதிப்போடு சேர்த்து முழு நேரத்தைக் கணக்கிடுங்கள். பிடிப்பும் நிரம்பலும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தால் எது முந்தியது என்பதைப் பிடித்த மதிப்பைக் கொண்டு பிரித்தறிய வேண்டும்: அது சிறிய எண்ணாக இருந்து, நிரம்பல் கொடியும் எழுந்திருந்தால், நிரம்பலே முந்தியது.

டைமரின் ஐசிஎன்சி1 பிட் இரைச்சல் நீக்கி என்று பெயர் பெற்றிருப்பதால், அது ஹிஸ்டெரிசிஸின் வேலையைச் செய்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். அது அடுத்தடுத்த நான்கு கடிகாரச் சுற்றுகளில் உள்ளீடு மாறாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. 16 மெகாஹெர்ட்ஸில் அது 0.25 மைக்ரோ விநாடி. உங்கள் ஊசலாட்டமோ ஒரு மில்லி விநாடி நீடிப்பது. ஹிஸ்டெரிசிஸ் முனையை மாற்றும் வேலை தொடர்ந்து தேவை. அதைப் பிடிப்பு இன்டரப்ட்டிலேயே செய்யலாம். ஒவ்வொரு முறையும் அடுத்து எதிர்பார்க்கும் விளிம்புக்கு ஏற்ப ஐசிஇஎஸ்1 பிட்டை மாற்றி, அதன்பின் பிடிப்பு இன்டரப்ட்டின் ஐசிஎஃப்1 கொடியில் 1 எழுதி அழித்துவிடுங்கள்.

இன்னொன்று, கையால் வெட்டிய தட்டில் பிளவுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அடுத்தடுத்த இரு பிளவுகளுக்கு இடைப்பட்ட காலத்தை மட்டும் காட்டினால், தண்டு ஒரே சீராக ஓடினாலும் திரையில் எண் அலைபாயும். கடைசி 20 இடைவெளிகளையும் ஒரு வளைய வரிசையில் வைத்து, அவற்றின் கூட்டுத்தொகையிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டால், எப்போதும் ஒரு முழுச் சுற்றின் காலமே கிடைக்கும். பிளவுகளின் வேறுபாடு முழுவதும் நீங்கிவிடும். ஒரு விநாடிக்கு மேல் துடிப்பே வரவில்லை என்றால் வேகம் 0 என்று காட்டிவிட்டு வரிசையை வெறுமையாக்குங்கள். டைமர்1 இதற்கு ஒதுக்கப்பட்டுவிடுவதால் 9, 10 ஆகிய முனைகளில் பிடபிள்யூஎம் (துடிப்பின் அகலத்தை மாற்றித் தரும் வெளியீடு) எதிர்பார்க்க முடியாது. வேறு எதற்கேனும் தேவைப்பட்டால் டைமர்2 இன் 3 அல்லது 11 ஆம் முனைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சுழல்தட்டு

கறுப்புக் குழாயும் சராசரி வடிகட்டியும் சேர்ந்து விளக்கின் சிக்கலைத் தீர்த்துவிட்டன. விளக்கைத் திடீரென்று ஏற்றும்போது ஓரிரு விநாடிகள் எண்ணிக்கை தவறுகிறது; சராசரி புதிய நடுவை எட்டும்வரை அப்படித்தான் இருக்கும் என்று புரிந்துகொள்கிறேன். காலமாறிலியைக் குறைத்தால் இது விரைவாகும், ஆனால் மெதுவான வேகத்தில் சராசரியே சிக்னலோடு ஏறி இறங்கத் தொடங்கும் என்பதால் 1 விநாடியிலேயே விட்டுவிட்டேன். பிடிப்பு முறையை இன்னும் எழுதி முடிக்கவில்லை. நிரம்பலும் பிடிப்பும் ஒன்றாக வரும் இடத்தைத் தனியே சோதித்துப் பார்த்தபின், 20 இடைவெளிகளின் வரிசையைச் சேர்க்கப்போகிறேன்.

மறுமொழி 6: சுற்றுவழி

அந்த இடத்தைச் சோதிக்கத் தட்டைச் சுழற்றிக்கொண்டே காத்திருக்க வேண்டாம். தனிக் கடிகாரத்தில் ஓடும் சிக்னல் ஜெனரேட்டர் ஒன்றைக் கொண்டு விநாடிக்கு 61 துடிப்புகள் தரும் சதுர அலையை உருவாக்கி, சிக்னலுக்குப் பதிலாக ஏஐஎன்0 முனையின் 10 கிலோ ஓமுக்குக் கொடுங்கள். அந்த அலையின் காலம் டைமர்1 நிரம்பும் காலத்தின் பாதியை மிக நெருங்கி நிற்பதால், பிடிக்கும் கணம் நிரம்பும் கணத்தின் மீது மெல்ல நகர்ந்து கடக்கும். பிழை இருந்தால், இடைவெளி திடீரென்று 65536 படிகள் கூடியோ குறைந்தோ வெளிப்படும்.